டப்பாவில் எழுதாத அளவு

கேள்வி: எனக்கு வயது 38. அறந்தாங்கியில் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 74 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். என் நாத்தனார் ஒரு வாட்ஸ்அப் குழு மூலம் 'ஃபேட் பர்னர்' கேப்சூல் வாங்கிச் சாப்பிட்டு, இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்திருக்கிறார். ஒரு மாத டப்பா 2,400 ரூபாய். காலையில் வெறும் வயிற்றில் 2 கேப்சூல். டப்பாவில், 'கார்சீனியா, பச்சைத் தேயிலைச் சாறு, காபீன், எல்-கார்னிடைன், குக்குலு, மிளகுச் சத்து. தனியுரிமைக் கலவை 1,200 மில்லிகிராம்' என்று இருக்கிறது. எல்லாம் மூலிகைதானே, நானும் சாப்பிடலாமா டாக்டர்?

வாசகி, அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வேண்டாம். யாருக்குமே இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; தைராய்டு மாத்திரை எடுக்கும் உங்களுக்குக் கூடவே கூடாது. டப்பாவில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பேசுவதற்குப் பிடி கிடைத்தது.

அந்த வரியில் ஆறு பொருள்களின் பெயர் இருக்கிறது. எது எவ்வளவு என்பது இல்லை. மொத்தம் 1,200 மில்லிகிராம் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். 'தனியுரிமைக் கலவை' என்ற சொல் எங்கள் தொழில் ரகசியம் என்பதுபோலக் கம்பீரமாக ஒலிக்கிறது. ஆனால் விலை குறைந்த பொருளை அள்ளிப் போட்டுவிட்டு, விலை கூடியதைப் பேருக்குத் தூவினாலும் அந்த வரி மாறாது. ஒரு பொருள் வேலை செய்யுமா என்று கேட்டால், எந்த அளவில் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்கு டப்பாவிடம் பதில் இல்லை.

முதலில் நிற்கும் கார்சீனியாவைப் பார்ப்போம். இது வேறொன்றுமில்லை, கேரளத்து மீன் குழம்பில் போடும் கொடம்புளிதான். அதன் தோலில் உள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்ற உடம்புக்குத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கிறது. சோதனைக் குழாயில் இது உண்மை. மனிதர்களிடம்? 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எடை கூடிய 135 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 3,000 மில்லிகிராம் கார்சீனியா சாறும், மறு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. கார்சீனியா சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ! அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் டப்பாவிலோ ஆறு பொருளும் சேர்ந்தே 1,200தான்.

உங்கள் நாத்தனாரின் 4 கிலோவும் எனக்கு இந்த ஆய்வைத்தான் நினைவூட்டுகிறது. கேப்சூலோடு அந்தக் குழுவில் என்னென்ன சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது, தினம் ஒரு மணி நேர நடை என்று ஒரு பட்டியல் இல்லாமல் இருக்காது. அந்தப் பட்டியலுக்கு 2,400 ரூபாய் தேவையில்லை.

டப்பாவின் பட்டியலில் உண்மையாகவே ஏதோ செய்கிற பொருள் காபீன். 100 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒரு நல்ல காபி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியை இரண்டரை மணி நேரம் வரை 3 முதல் 4 சதவீதம் கூட்டும். கணக்குப் போட்டால் ஐந்தாறு கலோரி. ஓர் இட்லியில் சுமார் 50 கலோரி இருக்கிறது. மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

எல்-கார்னிடைனை நம் உடம்பே தயாரிக்கிறது. கறி சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு மேலும் ஊற்றிப் பெரிய பயனில்லை. மிளகுச் சத்து சற்றுக் கவனிக்க வேண்டியது. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பிரித்தெடுத்த பைப்பரின், வலிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

பச்சைத் தேயிலையைக் கோப்பையில் குடிப்பது வேறு, சாற்றை வற்றவைத்துக் கேப்சூலில் அடைப்பது வேறு. தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி என்ற அதன் சத்தைக் கேப்சூலாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறியதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் இது இன்னும் அதிகமாக இரத்தத்தில் ஏறும். உங்கள் டப்பா சொல்வதோ அதே வெறும் வயிறு. கொழுப்பெரிப்புக் கலவைகளில் பிரபலமான 'ஹைட்ராக்ஸிகட்'டைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2009 மே மாதம் அமெரிக்க அரசே எச்சரித்தது. மஞ்சள் காமாலை முதல் கல்லீரல் மாற்று வரை 23 புகார்கள், ஓர் இறப்பு. இது எல்லாருக்கும் வராது, அபூர்வம்தான். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சிக்கல்.

டப்பாவில் எழுதாமலே உள்ளே இருப்பதும் உண்டு. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மாத்திரை, இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது என்று தெரிந்ததும் 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. 2011இல் இந்தியாவும் தடை செய்தது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்ற எத்தனையோ மாத்திரைகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். மூன்றே நாளில் பசி செத்து, வாய் உலர்ந்து, படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் மூலிகை வேலை செய்கிறது என்று மகிழாதீர்கள்.

டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கலாம். அது தயாரிப்பாளர் உணவு உரிமம் வாங்கியிருப்பதற்குச் சான்று, கொழுப்பு கரையும் என்பதற்கு அல்ல. உணவுத் துணைப்பொருளின் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டாக வேண்டும். பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள். மருந்து என்று சொல்லி விற்றாலும் தப்ப முடியாது. உடல் பருமனைக் குணமாக்கும் என மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. எண்ணே இல்லாத டப்பா என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

இனி உங்கள் விஷயம். குக்குலு தைராய்டின் வேலையில் குறுக்கிடக் கூடியது. தைராய்டு மாத்திரையோடு அதே வெறும் வயிற்றில் காபியோ இந்தக் கேப்சூலோ போனால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். கடைசியாகத் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை எப்போது பார்த்தீர்கள்? மாத்திரையின் அளவு போதாமல் இருந்தாலும் எடை இறங்க மறுக்கும். அதை முதலில் பாருங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். சர்க்கரையையும் கல்லீரலையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள்.

உங்கள் உடல் நிறை குறியீடு ஏறக்குறைய 30. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று கொள்கிறோம். அதனால் எடை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆறு மாதத்தில் 4 கிலோ முதல் 6 கிலோ வரை போதும். காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என மூன்று வேளையும் அரிசியாக இருந்தால், ஒரு வேளையைச் சுண்டலாகவோ முட்டையாகவோ மாற்றுங்கள். ஜெகதாப்பட்டினத்து மீன் உங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிறது. குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். ஆறு மாதம் இப்படி இருந்தும் குறையாவிட்டால், மருத்துவர் சீட்டில் தரும் மருந்துகள் இருக்கின்றன. ஆர்லிஸ்டாட் சாப்பிடும் கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் உடம்பில் சேராமல் தடுக்கும். 2025இல் இந்தியாவுக்கு வந்த ஊசிகள் அதைவிட வீரியமானவை. அவற்றுக்கும் பக்கவிளைவு உண்டு. ஆனால் எவ்வளவு மருந்து என்று அட்டையில் எழுதியிருக்கும், கேள்வி கேட்க எதிரே ஒரு மருத்துவரும் இருப்பார்.

உங்கள் நாத்தனாரிடமும் ஒன்று சொல்லுங்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் அரிப்பும் அசதியும் வந்தாலோ அன்றைக்கே கேப்சூலை நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போகட்டும்.