மயங்கி விழுபவருக்குச் சாய்மேசைப் பரிசோதனை எப்போது தேவை?

பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் மண்சரிவினால் லயத்தை இழந்து முகாமில் தங்கும்போது, எதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கும். உடல் அதனை மேலே அனுப்பும். பசி, வெக்கை, பயம், தண்ணீர்க் குறைவு என்பன சேர்ந்தால் சிலருக்கு இந்த ஒழுங்கு குழம்பி, இரத்த அழுத்தம் திடீரெனக் குறைகிறது. அவர் மயங்கி விழுகிறார். மலசலகூட வசதி போதாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணமாகும்.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

நோயாளியை மேசையில் படுக்கவைத்துப் பட்டியால் கட்டி, 60 முதல் 70 பாகை வரை நிமிர்த்துவார்கள். 20 முதல் 45 நிமிடம் வரை இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கவனிப்பார்கள். மயக்கம் வந்தால் மேசையை உடனே தாழ்த்துவார்கள். 1986இல் லண்டன் வைத்தியர்கள் காரணம் தெரியாத மயக்கத்திற்கு இம்முறையைப் பயன்படுத்தி, முடிவுகளை வெளியிட்டனர்.

யாருக்குத் தேவை?

எல்லோருக்கும் தேவையில்லை. விழுந்த விபரம், படுத்தும் நின்றும் பார்க்கும் பிரசர், ஈ.சீ.ஜி. ஆகிய மூன்றும் பலருக்குப் போதும். ஆகவே, விழுந்ததைக் கண்டவரும் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். பின்வரும் நிலைகளில் வைத்தியர் சாய்மேசையை நாடலாம்:

1. மயக்கம் திரும்பத் திரும்ப வந்தும் காரணம் தெளிவாகாதபோது.
2. வலிப்பா, மயக்கமா என்ற ஐயம் உள்ளபோது. சாதாரண மயக்கத்திலும் கைகால் சற்று உதறலாம். இதை அறியாமல் ஒருவருக்கு வலிப்புக்காரர் என்று பெயர் சூட்டிவிடக் கூடாது.
3. நின்று சில நிமிடங்களின் பின் பிரசர் குறைகிறது என்று சந்தேகிக்கும்போது.

தாமதிக்கக் கூடாதவை

வேலை செய்துகொண்டிருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்குதல், நெஞ்சுவலி, மயக்கத்திற்கு முன் படபடப்பு, ஏற்கனவே உள்ள இருதய நோய், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், கர்ப்பம், இரத்தப்போக்கு: இவற்றில் ஒன்று இருந்தாலும் சாய்மேசைக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 இலக்கத்திற்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நாம் செய்யக்கூடியவை

விழுந்தவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். தெளியுமுன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கண் இருளும்போது உட்காருங்கள். பிரசர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கலந்துரையாட:

1. நமது முகாமில் முதியவர்களும் கர்ப்பிணிகளும் வரிசையில் நிற்காதிருக்க என்ன ஒழுங்கு செய்யலாம்?
2. பெண்கள் தயங்காமல் தண்ணீர் குடிக்க எந்த வசதியைக் கேட்டுப் பெற வேண்டும்?