வீடு திரும்பியபின் மூட்டுவலி

ஊருக்குத் திரும்பிய முதல் மாதத்தில் பலரும் சொல்வது முழங்கால் வலியும் இடுப்பு வலியும்தான். முகாமில் உடலுக்குப் பெரிய வேலை இல்லை. இங்கே உப்புவெளியில் காணியில் பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், தகரமும் கல்லும் தூக்க வேண்டும். பல வருடம் ஓய்ந்திருந்த தசை, ஒரே கிழமையில் எல்லாவற்றையும் தாங்காது. தசை களைத்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும்.

ஆகவே காணி முழுவதையும் ஒரே மூச்சில் துப்புரவாக்க வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம், வெயில் தணிந்தபின் ஒரு மணி நேரம் என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். தண்ணீரை ஒரு பெரிய வாளியில் ஒரு கையால் தூக்காமல், இரண்டு சிறிய வாளிகளில் இரு கையிலும் கொண்டுவாருங்கள். குந்தியிருந்து செய்யும் சமையல் வேலைக்கு ஒரு பலகைக்கட்டை போட்டு உட்காருங்கள்.

வலிக்கிறதென்று படுத்தே கிடப்பதும் சரியல்ல. அசையாத மூட்டு இறுகும். கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். கடற்கரை மணலைவிட, முழங்கால் வலி உள்ளவருக்குச் சமமான பாதையில் நடப்பது இலகு.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் வலி குறையும் என்பது நம் ஊரில் பழைய பேச்சு. வெந்நீர் இறுகிய தசையைத் தளர்த்தும் என்பது உண்மைதான். அதே சுகத்தை வீட்டில் சுடுநீரில் பிழிந்த துணியும் தரும். ஆனால் மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டால் சூடு வைக்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.

எலும்புக்கு விலை கூடிய பால்மா மட்டும்தான் வழி என்றில்லை. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை, முருங்கை இலை எல்லாவற்றிலும் கல்சியம் உண்டு. கருவாட்டு நெத்தலியை ஊறவைத்து உப்பைக் கழுவுங்கள், பிரஷர் உள்ளவர்கள் முக்கியமாக.

கடையில் கேட்டு வாங்கும் வலிக்குளிசைகளில் கவனம் தேவை. டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவை நாட்கணக்கில் எடுத்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். 2006இல் கிழக்கில் பரவிய சிக்குன்குனியாவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; காய்ச்சல் போனபின்னும் மாதக்கணக்கில் மூட்டு வலித்தது. இரண்டையும் பரப்புவது ஒரே வகை நுளம்புதான். பல நாள் பூட்டிக்கிடந்த வளவில் சிரட்டை, ரயர், பழைய தாங்கி எல்லாவற்றிலும் அது முட்டையிடும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், வளர்ந்தவருக்கு ஒரு தடவை இரண்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகளின் மூட்டுவலியை 'ஓடி விளையாடிய வலி' என்று விட்டுவிடாதீர்கள். தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமைக்குப்பின் காய்ச்சலோடு முழங்கால் வீங்கி, அது ஆறக் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறினால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு சுகமாகிவிடும், இருதய வால்வு பழுதாகலாம். அன்றே திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முகாமில் இருந்தபோது மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், வீடு மாறியதற்காக ஊசியை நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசி ஊசி எப்போது, எந்த ஆஸ்பத்திரியில் என்று சொன்னால் புதுக் கொப்பி போடுவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை.