பழைய போன்களை எப்போது கைவிடலாம்?



உங்கள் கடிதம் கிடைத்தது. லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, இன்று கொழும்பில் மென்பொருள் வேலை பார்க்கிறீர்கள். ஊர்ப் பிள்ளைகளை மறக்காமல், சாதாரணதரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களையும் விடைகளையும் தொகுத்து ஒரு செயலியாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு என் நன்றி. அன்ட்ராய்ட் 5, 6 பதிப்புகளை அந்தச் செயலி இன்னும் எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வேலை செய்பவர்கள், "உலகத்திலேயே கொஞ்சப் பேர்தான் அதை வைத்திருக்கிறார்கள், விட்டுத் தள்ளு" என்கிறார்களாம். உங்களுக்கு மனம் வரவில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் விடத்தான் வேண்டும். ஆனால் அது எந்த நாள் என்பதை உலகக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது. அந்தப் போன் யார் கையில் இருக்கிறது, விட்டால் அவருக்கு எது இல்லாமல் போகும் என்ற இரண்டும்தான் தீர்மானிக்க வேண்டும்.

கூகிளின் பதிப்புக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஏழு நாள் இடைவெளியில் பிளே ஸ்டோரைத் தொட்டுப் போன கருவிகளை எண்ணுகிறார்கள். திம்புள்ளப் பக்கத்து லயக் காம்பரா ஒன்றில் இருக்கும் போன் அந்த ஏழு நாளில் பிளே ஸ்டோர் பக்கம் போயிருக்குமா? டேட்டா முடிந்து, அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கும். இல்லாவிட்டால் சிக்னல் பிடிக்கும் ஒரே இடமான ஜன்னல் விளிம்பில் கிடக்கும், வருகிற அழைப்புக்கு மட்டும். அதில் இருக்கும் உங்கள் செயலி பிளே ஸ்டோர் வழியாக வந்ததே அல்ல. டியூஷன் ஆசிரியரின் போனிலிருந்து புளூடூத்தில் ஏறியது. ஹுவாவெய் போன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 மே மாதத்து அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த அவர்களுடைய புதிய மாடல்களில் பிளே ஸ்டோரே கிடையாது. இவர்கள் யாருமே அந்தக் கணக்கில் இல்லை. உங்கள் செயலி யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவர்களே கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

போனின் வயதையும் இங்கே வேறு மாதிரித்தான் பார்க்க வேண்டும். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் புதுப் போன் வாங்கினால் பழையது தங்கைக்கு வரும். சவூதியிலிருந்து திரும்பும் அம்மா தன் போனை மகனிடம் கொடுப்பார். தயாரித்த கம்பனி அப்டேட் அனுப்புவதை நிறுத்திய பிறகுதான் பல போன்கள் மலையேறி வருகின்றன. கம்பனிக்கு அது ஆயுள் முடிந்த கருவி. வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு அன்றுதான் முதல் போன். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போனபோது போன் விலையும் கூடவே ஏறியது. அந்த வருடம் மாற்றியிருக்க வேண்டிய போன்களை எத்தனையோ வீடுகளில் இன்னும் மாற்றவில்லை. திரை வெடித்த போனுக்கு டேப் ஒட்டிப் பாவிக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் பழைய பதிப்புகளை என்றைக்கும் சுமந்துகொண்டிருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழையது நமக்கு எப்போதும் நண்பனாக இருந்ததில்லை. பல அன்ட்ராய்ட் 2.3 போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய, கண்ட்ரோல் பெனலுக்குள் போய், ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஒப்ஷன்ஸைத் திறந்து, அங்கே ஒரு கட்டத்தில் சரி போட வேண்டும். போட்டதும் விண்டோஸ் சீடியைக் கேட்கும். பாடசாலைக் கணினி அறையில் அந்த சீடியை யார் தேடுவது? இலங்கையில் தவணைப் பரீட்சைத் தாள்கள் இத்தனை காலம் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பாமினியில் அடித்த தாளைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். தேடினாலும் ஒரு தமிழ்ச் சொல் அகப்படாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதி முற்றுப்புள்ளி வைத்தது. தமிழைப் பொறுத்தவரை அது இன்னும் முன்னதாகவே நடந்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

தாங்கிக்கொண்டே போவதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் தனிக் கிளை, தனிச் சோதனை. நீங்கள் பாவிக்கும் மென்பொருள் நூலகங்கள் முன்னே போய்விட, அவற்றின் பழைய பதிப்பைப் பிடித்துத் தொங்க வேண்டிவரும். அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க யாரும் வர மாட்டார்கள். இரவு வேலை முடிந்து வந்து இலவசமாகச் செய்கிறவருக்கு இது சின்னச் சுமை இல்லை. பத்துப் பேருக்காக ஆயிரம் பேருக்குப் போக வேண்டிய திருத்தம் நின்றுபோவதும் அநியாயம்தான்.

விடும் விதத்துக்கு நான் மெச்சும் உதாரணம் லெட்ஸ் என்கிரிப்ட். இணையத்தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் அமைப்பு அது. அவர்களுடைய சொந்த மூலச் சான்றிதழை அன்ட்ராய்ட் 7.1.1க்கு முந்திய போன்கள் அறியமாட்டா. வேறொரு நிறுவனத்தின் பழைய மூலச் சான்றிதழில் சாய்ந்து நின்றுதான் அந்தப் போன்களில் வேலை நடந்தது. அந்தச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி காலாவதியாக இருந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் முன்னதாக, 2020 நவம்பரில், அவர்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள்: அன்ட்ராய்ட் கருவிகளில் 33.8 சதவீதம் பாதிக்கப்படும், வேண்டுமானால் பயர்பொக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள், அது தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலைக் கொண்டுவருகிறது என்று.

அதோடு நிற்கவில்லை. மூலச் சான்றிதழின் காலாவதித் திகதியை அன்ட்ராய்ட் பார்ப்பதில்லை என்பதை வைத்து, அடுத்த மாதமே அந்த நிறுவனத்திடம் புதிய கையொப்பம் வாங்கி இன்னும் 3 வருடம் தாங்கினார்கள். 2024 செப்டெம்பர் 30இல் அதுவும் முடிந்தது. அதற்குள் அவர்களுடைய சான்றிதழை ஏற்கும் அன்ட்ராய்ட் கருவிகள் 66 சதவீதத்திலிருந்து 93.9 ஆக ஏறியிருந்தன. அதற்கு மேல் நீட்டவில்லை. யார் விடுபடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள், மாற்று வழி சொன்னார்கள், அவகாசம் வாங்கினார்கள், சொன்ன நாளில் விட்டார்கள்.

பைத்தன் 2 நிரல்மொழியின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2015இல் நிறுத்துவதாக இருந்ததை 2014இல் 2020க்குத் தள்ளினார்கள். கூடக் கிடைத்த 5 வருடத்தில் பலர் மாறினார்கள். ஆனால் கடைசி மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. நோக்கியா எஸ்40 போன்களுக்கு வட்ஸ்அப் 2016 கடைசியோடு சரி என்றது. நீட்டி நீட்டி 2018 டிசெம்பர் 31 வரை வந்தது. பொத்தான் போனில் வட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த 2 வருடம் பெரிய உபகாரம். ஆகவே நாளைத் தள்ளுவது தவறில்லை. ஆனால் ஒரு முறைக்கு மேல் தள்ளினால் அறிவித்தலை யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி உங்கள் செயலிக்கு வருகிறேன். அதில் கடவுச்சொல் இல்லை, காசு இல்லை. போனுக்குள் இருக்கும் வினாத்தாளைத் திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான். வங்கிச் செயலி என்றால் பழைய பதிப்பை இன்றைக்கே விடுங்கள் என்பேன், ஏனென்றால் ஓட்டை விழுந்த போனில் போவது அந்தத் தொழிலாளியின் பணம். உங்களுடையதில் அந்த ஆபத்து இல்லை. அதனால் புதிய வேலைகளை அன்ட்ராய்ட் 8க்கு மேல் கொண்டுபோங்கள். பழையதற்கென்று நன்றாகச் சோதித்த கடைசிப் பதிப்பொன்றைச் செய்து, அதை அப்படியே உறைய விடுங்கள். அதன் ஏபிகே கோப்பை யாரும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். வருடம் ஒருமுறை புதிய வினாத்தாள்களை மட்டும் அது தனிக் கோப்பாக ஏற்றுக்கொண்டால் போதும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். "அப்டேட் செய்யுங்கள்" என்ற திரையைப் போட்டுச் செயலியைப் பூட்டுவது. அழுத்தினால் பிளே ஸ்டோர் திறந்து, இந்தக் கருவிக்கு இது பொருந்தாது என்று ஆங்கிலத்தில் சொல்லும். திரும்பி வந்தால் மறுபடியும் அதே பூட்டு. போன் பழுதாகிவிட்டது என்று பிள்ளை அதைக் கடைக்குக் கொண்டுபோகும். அங்கே பார்ப்பதற்கென்றே ஒரு தொகை வாங்குவார்கள்.

நாளைக் குறிக்கும்போது உங்கள் அலுவலகக் கலண்டரைப் பார்க்காதீர்கள். டிசெம்பர் 31 யாருக்கோ வசதியான நாள். தோட்டத்தில் பெரிய பொருள் ஏதாவது வாங்குவதென்றால் அது தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போதுதான். போனும் அப்போதுதான் மாறும். ஆகவே தீபாவளிக்குச் சில மாதம் முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். விடும் நாளை, அதற்கு அடுத்து வரும் சாதாரணதரப் பரீட்சையின் கடைசித் தாள் முடிந்த பிறகு வையுங்கள். பரீட்சைக்கு நடுவில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து வினாத்தாளைப் பறிக்கும் உரிமை எந்த மென்பொருளுக்கும் கிடையாது.

அறிவித்தலைச் செயலிக்குள்ளேயே, தமிழில், நாலு வரியில் எழுதுங்கள். எந்தத் திகதி, எந்தப் போன்கள், அதன் பிறகு எது வேலை செய்யும், எது செய்யாது. போனின் பதிப்பு எண்ணை எங்கே பார்ப்பது என்பதையும் சேருங்கள். பலருக்கு அது தெரியாது. எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அச்செடுத்து, தலவாக்கலை, கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பாடசாலைகளில் நம்மோடு தொடர்பிலுள்ள ஆசிரியர்களிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இன்னும் எந்தெந்தப் போன்கள் பாவனையில் இருக்கின்றன என்று வகுப்பு வகுப்பாக அவர்களிடம் கேட்டு எழுதி வாங்கியும் அனுப்புகிறேன். அந்தப் பட்டியல் வரும் வரை எதையும் வெட்டாதீர்கள்.