முந்திரி சீசன் தொடங்குகிறது: டீசலை மூட்டைக் கணக்கில் பாருங்கள்

ஆண்டிமடம் வட்டாரப் பிக்கப் வண்டி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும், மாசி முதல் வைகாசி வரைக்குமான ஆலோசனை

மாசி பிறந்துவிட்டது. ஆண்டிமடம், விளந்தை, வரதராஜன்பேட்டை, குவாகம் சுற்றுவட்டாரத்து முந்திரிக்காடுகளில் பூ முடிந்து காய் திரண்டு வருகிறது. பங்குனியில் கொட்டை பொறுக்கத் தொடங்கினால் வைகாசி வரை வேலை ஓயாது. பொறுக்கிய கொட்டை காட்டிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து ஜெயங்கொண்டம், விருத்தாசலம், காடாம்புலியூர், பண்ருட்டி வியாபாரிகளிடமும் போய்ச் சேர வேண்டும். பொலேரோ பிக்கப், தோஸ்த், குட்டியானை என்று ஊருக்குள் நிற்கும் வண்டிகள் எல்லாம் அடுத்த மூன்று மாதம் ஓட்டத்தில்தான் இருக்கும்.

டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. வாடகையோ அந்த அளவுக்கு ஏறவில்லை. சீசனில் ஓடி ஓடிச் சம்பாதித்ததில் பெரும்பங்கு பெட்ரோல் பங்கிலேயே போய்விடுகிறதே என்ற வருத்தம் நியாயமானது. அதைக் குறைக்க வழி இருக்கிறது. அதற்கான வேலையைக் கொட்டை விழத் தொடங்கும் முன், இப்போதே செய்ய வேண்டும்.

முதலில் கணக்கு

“லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது?” என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். சரக்கு வண்டிக்கு அந்தக் கேள்வி பாதிதான். ஒரு மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு டீசல் ஆனது என்பதே முழுக் கேள்வி.

ஓர் உதாரணம். 60 கிலோமீட்டர் தொலைவில் வியாபாரி இருக்கிறார். ஒன்றரை டன் ஏற்றத்தக்க வண்டியில் 80 கிலோ மூட்டை 18 ஏற்றுகிறீர்கள். மொத்தம் 1,440 கிலோ. போகும்போது லிட்டருக்கு 11 கிலோமீட்டர், காலியாகத் திரும்பும்போது 15 கிலோமீட்டர் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். போக வர ஒன்பதரை லிட்டர் ஆகும். அதே 18 மூட்டையை ஒன்பது ஒன்பதாக இரண்டு நடை அடித்தால்? பாதி லோடில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கிடைத்தாலும், இரண்டு நடைக்கும் சேர்த்து 17 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். மைலேஜ் கூடியிருக்கிறது, செலவோ ஏறத்தாழ 700 ரூபாய் ஏறியிருக்கிறது. எந்த மெக்கானிக்கும் ஒரே நாளில் இவ்வளவு மிச்சப்படுத்தித் தர முடியாது.

ஆகவே இந்த சீசனின் முதல் வேலை, பாதி லோடு நடைகளையும் காலி ரிட்டனையும் குறைப்பது. பக்கத்துக் காட்டுக்காரரிடம் நாலைந்து மூட்டை இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். இரண்டு மூன்று பேருடைய கொட்டையை ஒரே நடையில் ஏற்றி, மூட்டைக் கணக்கில் வாடகை பிரித்துக்கொண்டால் அவர்களுக்கும் செலவு குறையும். மூட்டைகள் கலந்துபோகாமல் இருக்க ஆளுக்கொரு நிறத்தில் சணல் கட்டிவிட்டால் போதும். திரும்பும்போது உரம், தவிடு, சிமென்ட், கடைச் சரக்கு என எது கிடைக்கும் என்பதை விருத்தாசலத்திலும் பண்ருட்டியிலும் உள்ள கடைகளில் இப்போதே பேசி வையுங்கள். புறப்படும் முன் வியாபாரிக்கு போன் போட்டு விலையையும், எடை போடக் காத்திருக்கும் வண்டிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலை படியாமல் வேறு ஊருக்கு அலைவதும் டீசல்தான்.

ஈரத்தைச் சுமக்காதீர்கள்

பொறுக்கிய கையோடு மூட்டை கட்டிய கொட்டையில் ஈரம் அதிகம். 20 சதவீத ஈரமுள்ள கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து 9 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், 100 கிலோ 88 கிலோவாகிறது. அந்த 12 கிலோவும் தண்ணீர். அதை ஏற்றிப் போக டீசல் எரிக்கக் கூடாது. காயாத கொட்டை மூட்டைக்குள் புழுங்கிப் பூஞ்சை பிடித்தால் விலையும் அடிபடும். களத்தில் காயவைக்க இடமும் தார்ப்பாயும் தயாராக இருக்கட்டும். பழத்துணுக்கும் மண்ணும் ஒட்டியிருந்தால் உதிர்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.

வண்டியில் இந்த வாரமே பார்க்க வேண்டியவை

1. டயர் காற்று. காலையில் வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். ஓட்டுநர் கதவை ஒட்டி இருக்கும் அட்டவணையில் முன் டயருக்கும் பின் டயருக்கும், காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு இருக்கும். அதன்படியே வையுங்கள். காற்று கால் பங்கு குறைந்தால் எரிபொருள் செலவு 5 முதல் 10 சதவீதம் கூடும் என்று, 1978 முதல் இயங்கும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் சொல்லிவருகிறது. வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் தானாகவே ஏறும். 10 டிகிரிக்கு இரண்டு மூன்று பவுண்டு கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து மத்தியானத்தில் காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும்.

2. ஏர் ஃபில்டர். நம் பகுதிச் செம்மண் புழுதி மாவு போன்றது. காட்டுப் பாதையில் முன்னே ஒரு வண்டி போனால் பின்னால் வரும் வண்டி புழுதியைத்தான் குடிக்கும். ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்துவார், கரும்புகை வரும், டீசல் வீணாகும். சீசனில் வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவோ தரையில் தட்டவோ கூடாது. உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாகக் காற்று அடியுங்கள். பழுதானால் புதிது போடுங்கள். கிழிந்த ஃபில்டர் வழியே போகும் மண் டர்போவையும் பிஸ்டன் ரிங்கையும் தின்றுவிடும். அந்தச் செலவில் ஒரு சீசன் வருமானமே போகும்.

3. ரேடியேட்டர். முன்பக்கத் துடுப்புகளில் புழுதியும் பூச்சியும் அடைந்திருந்தால் மெல்லிய நீர்வீச்சில் சுத்தம் செய்யுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டாமல் உரிய கூலன்ட் நிரப்புங்கள்.

4. பிரேக் பிடிப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் கெட்டியாக இருந்தால் அந்தப் பிரேக் உரசிக்கொண்டே வருகிறது. அதற்கும் சேர்த்துத்தான் டீசல் எரிகிறது. காட்டுப் பள்ளங்களில் இறங்கி ஏறும் வண்டிக்கு வீல் அலைன்மென்ட்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அதுவே அடையாளம்.

5. டீசல் ஃபில்டர், எஞ்சின் ஆயில். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கம்பெனி சொல்லும் தரத்து ஆயிலை, குச்சியில் மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினாலும் எஞ்சினுக்குப் பாரம்தான்.

6. வேண்டாத எடை. தீவனம் ஏற்ற மாட்டிய உயரமான கம்பிக் கூண்டு, கேபினுக்கு மேல் சும்மா கிடக்கும் கேரியர், பழைய சங்கிலி, மண் மூட்டை இவற்றை இறக்கி வையுங்கள். கூண்டின் எடை அளவுக்கு நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கும் குறைகிறது.

ஓட்டும்போது

வேகம்தான் முதல் எதிரி. வேகம் 60-இலிருந்து 80-க்குப் போனால் காற்றுத் தடை ஒன்றே முக்கால் மடங்கைத் தாண்டும். பிக்கப்பின் சதுர முகத்துக்கும் உயர்ந்த லோடுக்கும் அது இன்னும் கடுமை. 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே பெட்ரோலியப் பாதுகாப்புச் சங்கம் பரிந்துரைக்கிறது. 60 கிலோமீட்டரை 75 வேகத்தில் போனால் 48 நிமிடம், 55-இல் போனால் 65 நிமிடம். மிச்சமாகும் 17 நிமிடம் பெரும்பாலும் எடைமேடை வரிசையில் நின்றே கழியும். நெய்வேலி, வடலூர் வழியாகப் பண்ருட்டி போகும் நெடுஞ்சாலையில் கை அரிக்கும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளை ஒவ்வொன்றாக முந்த முயன்று, மிதித்து, பிரேக் அடித்து, மறுபடி மிதிப்பதுதான் அதிக டீசலைக் குடிக்கிறது. இடைவெளி விட்டுச் சீராகப் பின்தொடருங்கள்.

எஞ்சின் திணறாத அளவுக்குச் சீக்கிரமாக மேல் கியருக்கு மாறுங்கள். திணறினால் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டாதீர்கள். வேகத்தடையும் ஊர் முகப்பும் தெரிந்த உடனேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் ஊசி தானே அடைத்துக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சினைச் சுற்ற வைக்க டீசல் போகும். எஞ்சினையே அணைத்து உருட்டினால் பிரேக் பலமும் ஸ்டீயரிங் பலமும் போய்விடும். லோடு வண்டியில் அது உயிருக்கு ஆபத்து.

எடை போடும் இடத்திலும் லோடு ஏற்றும் காட்டிலும் எஞ்சினை அணையுங்கள். இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும்.

தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் காற்றை இழுத்துப் பிடிக்கும். மூட்டைகளைக் கேபின் உயரத்துக்கு மேல் போகாமல், எடை அச்சுகளின் மேல் சமமாக விழும்படி அடுக்குங்கள்.

கவனம்: இவை வேண்டாம்

கூடுதல் லோடு வேண்டாம். மூட்டைக்கு டீசல் குறையும் என்றால் இன்னும் ஆறு மூட்டை ஏற்றலாமே என்று தோன்றும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வரம்பு. ஓட்டுநரும் லோடுமேனும் அதற்குள் அடக்கம். அதைத் தாண்டினால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. சித்திரை வெயிலில் பாரம் தாங்காத டயர் வெடித்தால் இழப்பு பணத்தோடு நிற்காது.

பொறுக்க வரும் பெண்களையும் பிள்ளைகளையும் மூட்டை மேல் ஏற்றாதீர்கள். ஒரு நடை டீசலை மிச்சப்படுத்த ஓர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது சைலன்சர் கடுமையாகச் சூடேறும். முந்திரிக்காட்டுச் சருகில் தீ பிடிக்க அது போதும். காட்டுக்கும் களத்துக்கும் குறுநடையாக ஓடும் வண்டிகளில் இந்த வடிகட்டி சீக்கிரம் அடைத்து, டீசலும் அதிகம் போகும். டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டிக் கையேட்டில் சொல்லியபடி, நல்ல சாலையில் சீரான வேகத்தில் தொடர்ந்து ஓட்டுங்கள். நடுவில் அணைக்காதீர்கள்.

மைலேஜ் மருந்து, காந்தப் பட்டை, டீசல் குழாயில் மாட்டும் கருவி எதையும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய 100-க்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க பலன் தந்த ஒன்றையும் காணவில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல காற்றழுத்த மானி வாங்குங்கள்.

மாத வாரியாக

மாசி: மேலே சொன்ன ஆறு வேலைகளையும் முடியுங்கள். ஒரு நோட்டு போடுங்கள். டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை அதே பங்கில் மறுபடி நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். பக்கத்திலேயே மூட்டை எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

பங்குனி: வாரம் ஒரு முறை டயர் காற்று, ஏர் ஃபில்டர். கூட்டு லோடு ஏற்பாட்டைத் தொடங்குங்கள். நோட்டில் மைலேஜ் திடீரென விழுந்தால் முதலில் டயரையும் பிரேக்கையும் பாருங்கள்.

சித்திரை: நடை அதிகம், வெயில் அதிகம். கூலன்ட்டை அடிக்கடி கவனியுங்கள். முடிந்தவரை விடியலில் புறப்பட்டு உச்சி வெயிலுக்குள் சரக்கை இறக்கிவிடுங்கள். பலா லோடும் இந்த மாதம் சேர்ந்துகொள்ளும். பழம் ஒழுங்கற்ற உருவம் என்பதால் உயரமாக அடுக்கத் தோன்றும், எடையைப் போட்டுப் பார்த்து ஏற்றுங்கள்.

வைகாசி: சீசன் முடிந்ததும் ஏர் ஃபில்டரை மாற்றி, ஆயில் மாற்றும் கெடு வந்துவிட்டதா என்று பாருங்கள். நோட்டைக் கூட்டி, மூட்டைக்கு எத்தனை லிட்டர் ஆனது என்று கணக்கு எடுங்கள். அடுத்த ஆண்டு வாடகை பேச அதுவே உங்கள் கையிலுள்ள ஆதாரம்.

என்ன மிஞ்சும்?

தினம் 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12-இலிருந்து 13.5 கிலோமீட்டருக்கு ஏறினால், டீசல் 92 ரூபாய் என்ற கணக்கில் நாளைக்கு 85 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாள் ஓட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 6,400 ரூபாய். டயரையும் காலையும் கவனித்தாலே இது வரும். வாரத்துக்கு ஒரு பாதி லோடு நடையைத் தவிர்த்தால் இதற்கு மேலும் மிஞ்சும். உரிமையாளர் வேறு, ஓட்டுநர் வேறு என்றால் மிச்சத்தில் ஒரு பங்கை ஓட்டுநருக்குக் கொடுங்கள். ஆக்சிலேட்டர் அவர் காலில் இருக்கிறது. அவருக்கும் பலன் இருந்தால்தான் சீசன் முழுக்க இந்த ஒழுங்கு நிற்கும். நாளைக் காலை முதல் வேலையாக டயரை அளந்துவிட்டு, பக்கத்துக் காட்டுக்காரரிடம் கூட்டு லோடு பற்றிப் பேசி வையுங்கள்.