கிராஃபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறீர்களா? முதலில் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படியுங்கள்

புதிய கேம் ஒன்றைப் போட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் காட்சிகள் திக்கித் திக்கி நகர்கின்றனவா? "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போடு, சரியாகிவிடும்" என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எந்தக் கார்டு போடலாம் என்பதைக் கையில் உள்ள பணம் மட்டும் முடிவு செய்வதில்லை. கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளையும் முடிவு செய்கிறது. அதைப் பார்க்காமல் பெரிய கார்டாக வாங்கிப் போட்டால், கேம் நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். தரம் குறைந்த எஸ்.எம்.பி.எஸ். என்றால் அது எரிந்து, மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

உதாரணத்திற்கு ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். 2014-ல் வந்த கோர் ஐ5 4460 பிராசசர், 8 ஜி.பி. ராம், 300 வாட் எஸ்.எம்.பி.எஸ். இது போன்றவை செகண்ட் ஹேண்டில் இன்றும் கிடைக்கின்றன. (இங்கே சொல்வது டெஸ்க்டாப்புக்கு மட்டும். பெரும்பாலான லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப்பை மாற்ற முடியாது.)

குறை எங்கே இருக்கிறது?

பணம் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் கீயுடன் ஜி கீயை அழுத்தினால் கேம் பார் திறக்கும். அதில் ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்று பார்க்கலாம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேமின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1920 x 1080-லிருந்து 1280 x 720-க்குக் குறைத்து, அதே இடத்தில் மீண்டும் ஆடிப் பாருங்கள்.

ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகக் கூடினால், திணறுவது கிராஃபிக்ஸ். கார்டு மாற்றினால் பலன் உண்டு. எண்ணிக்கை அப்படியே இருந்தால், திணறுவது பிராசசராகவோ ராமாகவோ இருக்கும். அப்போது எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கினாலும் வேகம் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ். கணக்கு

கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். பெரிய எழுத்தில் உள்ள வாட் எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. எனவே அந்த வரிசைக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

நம் உதாரணத்தில் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 20 x 12 = 240 வாட். (12 வோல்ட் வரிசை இரண்டு இருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து மொத்த வாட் தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.)

இனி செலவு. பிராசசர் 84 வாட். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்துச் சுமார் 40 வாட். ஆக 124. மீதம் 116 வாட். இதில் 75 வாட் கார்டு போட்டால் மொத்தம் 199, தாங்கும். 185 வாட் எடுக்கும் ரேடியான் ஆர்.எக்ஸ். 580 போட்டால் மொத்தம் 309, தாங்காது.

வீட்டில் உள்ள யு.பி.எஸ்.ஸையும் மறக்காதீர்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரும் அதில்தான் ஓடுகிறது.

தனி வயர் கேட்காத கார்டுகள்

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை கொடுக்கும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் வேண்டும். மோலெக்ஸ் கனெக்டரை 6 பின்னாக மாற்றும் வயர் கடையில் கிடைக்கும். அதனால் பிளக் பொருந்தும், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சக்தி கூடாது. சிறிய பட்ஜெட்டுக்கு ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் கார்டுகள்தான் ஏற்றவை.

ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. (2016): 75 வாட், 4 ஜி.பி. புதிய கேம்களுக்கான டிரைவர்கள் இதற்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1650 (2019): 75 வாட், 4 ஜி.பி. நம் உதாரணக் கம்ப்யூட்டருக்குச் சரியான ஜோடி. சில மாடல்களில் 6 பின் பிளக் இருக்கும். அது இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

ரேடியான் ஆர்.எக்ஸ். 6400 (2022): 53 வாட்தான். ஆனால் ஸ்லாட்டின் 16 பாதைகளில் 4-ஐ மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய மதர்போர்டில் ஒவ்வொரு பாதையின் வேகமும் குறைவு என்பதால் செயல்திறன் இறங்கும். ஆடுவதை வீடியோவாகப் பதிவு செய்ய உதவும் என்கோடரும் இதில் இல்லை.

ஜிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி. (2024): 70 வாட். இந்த நான்கில் வேகமானது, விலையும் அதிகம்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

ஒரே பெயரில் இரண்டு விதமான கார்டுகள் வருவதுண்டு. ஆர்.டி.எக்ஸ். 3050-ல் 8 ஜி.பி. கார்டு 130 வாட் எடுக்கும். தனி பவர் வயர் வேண்டும். ஜி.டி. 1030 கார்டில் ஜி.டி.டி.ஆர்.5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜி.பி. தகவலைக் கடத்தும். அதே பெயரில் டி.டி.ஆர்.4 மெமரியோடு வருவது 16.8 ஜி.பி.தான் கடத்தும். பில் போடும் முன் பெட்டியில் மெமரி வகையைப் படியுங்கள்.

கார்டின் நீளத்தையும் கேபினட்டின் உள்ளே உள்ள இடத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒல்லியான ஆபீஸ் கேபினட் என்றால் லோ புரொஃபைல் கார்டு மட்டுமே நுழையும். மானிட்டர் பழைய வி.ஜி.ஏ. வகையா? மேலே சொன்ன கார்டுகளில் அந்த சாக்கெட் கிடையாது. எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கடைக்காரரிடம் கார்டைப் பொருத்தி, கேம் ஒன்றை 20 நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடுகளோ நிறப் புள்ளிகளோ வந்தாலும், ஃபேன் கரகரத்தாலும் வேண்டாம். ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச புரோகிராமை ஓட்டினால் கார்டின் உண்மையான பெயரும் மெமரியும் தெரியும்.

பொருத்தும் முறை

1. பழைய கார்டு இருந்தால் அதன் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.
2. கம்ப்யூட்டரை அணைத்து, பவர் வயரைக் கழற்றுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தை நீக்குங்கள்.
3. ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கியை அழுத்திப் பழைய கார்டை நேராக மேலே இழுங்கள்.
4. புதிய கார்டை எக்ஸ்16 ஸ்லாட்டில் நேராக வைத்து, "க்ளிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஸ்க்ரூவை முடுக்குங்கள்.
5. மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல், புதிய கார்டில் செருகுங்கள். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.
6. கம்ப்யூட்டரை ஆன் செய்து, கார்டுக்கு ஏற்ப என்விடியா அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.

பிறகு, முதலில் குறித்து வைத்த ஃபிரேம் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். கணக்கில் இடமே இல்லை என்று வந்தால், இந்த மாதம் கார்டு வாங்காமல் தரமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்குங்கள். சில பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அதன் அளவும் கனெக்டரும் மாறுபடும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். வழக்கமான அளவுள்ள எஸ்.எம்.பி.எஸ். என்றால், அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.