சார்ந்ததன் வண்ணமும் மலைவலமும்

திருவண்ணாமலையின் மேற்றிசையில், மலைவலம் வரும் வழியில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் திருக்கோயிலும் மாணிக்கவாசக சுவாமிகள் கோயிலும் ஆண்டு விளங்குகின்றன. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வலத்தைப் பூரணைதோறும் இலட்சக்கணக்கானோர் செய்கின்றனர். மலையே சிவபெருமான் திருமேனி என்னுந் துணிவால் வெறுங்காலுடன் நடப்போர் அவர். ஆயினும், நீரருந்திய குவளையையும் அன்னமுண்ட தட்டையும் அம்மலையடியிலேயே எறிந்து செல்வோரும் அவருள் உளர். மலை சிவமென்றறிந்த உயிர் அதன் அடியிற் குப்பையிடுவது யாங்ஙனம்? இதனைச் சிறிது ஆராய்வாம்.

அறியாமையே காரணமென்பர் சிலர். அது முற்றும் பொருந்தாது. வினவினால், எறிதல் தவறென்றே எறிந்தவரும் விடையிறுப்பர். உயிர்க்குக் கலை செயலையும், வித்தை அறிவையும், அராகம் விருப்பையும் எழுப்புமென்பது நம் நூற்றுணிபு. அறிவு விளங்கியதனானே விருப்பும் செயலும் உடன் விளங்கிவிட்டனவாகக் கொள்ளுதல் பிழை. சூழலைக் காப்பதுபற்றிய அறிவுரைகள் பல பயனின்றிப் போவது இதனாலேயாம்.

அற்றேல், செயலை எழுப்புவது யாது? இக்கால உளநூலார் ஆராய்ச்சி ஈண்டுத் துணைசெய்யும். இராபர்ட் சியால்டினி என்பாரும் அவர் குழுவினரும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தூய இடத்திற் குப்பையிடத் தயங்குவோர், முன்னரே குப்பை கிடக்கும் இடத்தில் எளிதாக இட்டமை காணப்பட்டது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, துவாலையை மீளவும் பயன்படுத்துமாறு விடுதியில் தங்குவோரை வேண்டும் அட்டைகளைப் பற்றியது. இயற்கையைக் காக்க என்ற அட்டைக்கு நூற்றுக்கு 35 பங்கினரும், தங்கினோரிற் பெரும்பாலார் அவ்வாறே செய்தனர் என்ற அட்டைக்கு 44 பங்கினரும் இணங்கினர்.

இம்முடிபு சித்தாந்திகட்குப் புதிதன்று. பளிங்கு தன்னைச் சார்ந்த நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் சார்ந்ததன் வண்ணமாமென்பது நம்மாசிரியர் கண்ட பேருண்மை. மெய்ப்பொருளுணர்த்தப் போந்த அவ்வுண்மை, வீதியிற் கிடக்கும் ஒரு தட்டின்கண்ணும் விளங்குதல் காண்க. முதலில் எறியப்பட்ட ஒன்றே பின்வரும் ஆயிரவர்க்கு ஆசானாகின்றது.

ஆயின், குற்றம் சூழலதே, உயிரதன்று எனின், அற்றன்று. பளிங்கு சடம், உயிரோ சித்து. இன்னதைச் சார்வேம், இன்னதை விடுவேம் என்று துணியும் உரிமை உயிர்க்குண்டு. தன் வீட்டு வாயிலைப் பெருக்கிக் கோலமிடும் கைதானே வீதியை மாசுபடுத்துகின்றது. இது தன்னது, அது பிறரது என்னும் யானெனதென்னுஞ் செருக்கே ஆண்டுத் தொழில்செய்வது.

இதனை மாற்றும் நெறி சரியையிலுளது. திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை தாங்கித் திருமுற்றம் தூய்மை செய்தமை யாவரும் அறிவர். அன்பு முற்றிய பின்னரே தொண்டு என்பதன்று. தொண்டு செய்யச்செய்ய அன்பு முதிரும். தன் செயலைக் கண்டே தன்னை இன்னானென உணரும் இயல்பு மனத்துக்குண்டென்று உளநூலாரும் கூறுவர்.

ஒருமுறை பயன்படுத்தியெறியும் நெகிழிப்பொருள்கள் பதினான்கு வகையினைத் தமிழக அரசு 2019 சனவரி முதல்நாள் முதல் விலக்கியது. 2021 திசம்பரில் மஞ்சட்பை இயக்கம் தொடங்கிற்று. பட்டிக்காட்டான் அடையாளமென்று நகைக்கப்பட்ட பை பெருமைக்குரியதாயின், கை தானே அதனை நாடும். சட்டம் கையைத் தடுக்கும்; சார்பே மனத்தைத் திருப்பும்.

ஆதலின், அன்னதானம் செய்வோர் தையலிலையிலும் தொன்னையிலும் படைத்து, உண்டவிடத்தருகே கூடை வைத்து, கூட்டம் வருமுன்னரே வழியைத் தூய்மை செய்தல் வேண்டும். அன்னமிட்டதோடு அறம் முடிந்ததென்று அமைதல் கூடாது. இலையெடுத்தலும் அவ்வறத்தின் கூறேயாம். திருமடங்கள் இதனை முன்னின்று செய்யின், வலம்வரும் உயிர்கள் நற்சார்பின் வண்ணமாதல் ஒருதலை.

சிவம்.