மலை ரயிலுக்குப் பாறை செய்வோம்

அறிவியல் கண்காட்சிகளில் நான் பார்த்த மலைகளில் பெரும்பாலானவை ஒரே மலைதான். தெர்மாகோல் மேடு, அதன்மேல் பழுப்பு வண்ணம், ஆங்காங்கே பச்சை மரத்தூள். பெயர்ச்சீட்டை மாற்றினால் இமயமலை ஏற்காடு ஆகிவிடும். எட்டாம் வகுப்பில் பாறை வகைகளைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் மாணவர் செய்த மலையிலேயே பாறை என்று ஒன்று இருப்பதில்லை. ஆகவே எங்கள் பள்ளியில் நீலகிரி மலை ரயில் மாதிரியைத் தொடங்கியபோது நான் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: இது எந்தப் பாறை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

நீலகிரிப் பாதையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1854-இல் பேச்சு எழுந்து, 1891-இல் வேலை தொடங்கி, 1908-இல் முடிந்த பாதை இது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கி.மீ. நீளம். ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. யுனெஸ்கோ 2005-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டம் பொருத்தியிருக்கிறார்கள். என்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். பாறையை வெடிவைத்துப் பிளந்து வழி எடுத்த பகுதி அது.

மீட்டர் கேஜ் பாதை என்பது நமக்கு ஒரு வசதி. 1 மீட்டரை 1 செ.மீ. என்று கொண்டால் தண்டவாளங்களின் இடைவெளி சரியாக 1 செ.மீ. வரும். ஆறு மீட்டர் பாறைச் சுவர் 6 செ.மீ. ஆகும், பக்கத்தில் நிற்கும் ஆள் ஒன்றரை செ.மீ.க்குச் சற்று மேல். செங்குத்தான இடங்களில் பாதை 12 மீட்டருக்கு ஏறத்தாழ 1 மீட்டர் ஏறுவதால், 90 செ.மீ. பலகையில் 7.5 செ.மீ. ஏற்றம் வைக்க வேண்டும். இந்தக் கணக்கை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொண்டார்கள். சேலை டிசைனைக் கட்டத்தாளில் எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ‘ஒரு கட்டத்துக்கு ஓர் இழை மாதிரிதானே சார்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காஞ்சிபுரம் சமவெளி. பிளந்த மலையைப் பார்க்காத பிள்ளைகளுக்குப் பாறையை எங்கே காட்டுவது? முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. மேலே மணற்கல், அடித்தளத்தில் கருங்கல். மணற்கல் சிற்பங்கள் எப்படி உதிர்ந்து முனை மழுங்கியிருக்கின்றன, அதே மழையை வாங்கிய கருங்கல் எப்படி விளிம்பு கெடாமல் நிற்கிறது என்று தொடாமல் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அடுத்து, சாலையோர ஜல்லிக் குவியல். நம் வட்டாரத்துக் கருநீல ஜல்லியில் பெரும்பகுதி சார்னோகைட். நீலகிரியின் பாறையும் அதே இனம்தான்! கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைமீது கிடத்திய கல்லை வைத்து, புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. அந்தக் கல் நம் பல்லாவரத்துப் பக்கம் வெட்டியதாகச் சொல்வார்கள். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கும் நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் நிறமும் தெரியும். மாணவர்கள் ஆளுக்கொரு கல் எடுத்து வந்தார்கள்.

மலையின் கூட்டுக்குக் கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டைகளைப் பயன்படுத்தினோம். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை நான்கைந்து அடுக்கு ஒட்டினால் இரண்டு நாளில் இறுகிவிடும். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் வேலையில் வேண்டாம்.

பாறைக்கு அச்சு, அவர்கள் கொண்டுவந்த கல்தான். கல்லின் உடைந்த முகத்தைப் பிசைந்த களிமண்ணில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். அதில் பாரிஸ் சாந்தை ஊற்ற வேண்டும். பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மை செய்வதைப் பார்த்தவர்களுக்கு அச்சு புதிதல்ல. கைக்கல் எப்படி மலைமுகடு போலத் தெரியும் என்று சந்தேகம் வரலாம். பாறை உடையும் விதம் சிறிதிலும் பெரிதிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் புவியியலாளர்கள் பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் சுத்தியலையோ நாணயத்தையோ வைக்கிறார்கள்.

ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு சாந்துத்தூளைத் தூவிக் கலக்குங்கள். தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டச் சொல்லுங்கள். தூள் நீரை ஏற்று ஜிப்சமாக மாறும்போது வெப்பம் வெளிப்படும். வெப்பமானியை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் வெப்ப உமிழ்வினைப் பாடம் அங்கேயே நடந்துவிடும். ஆனால் கையை அச்செடுக்க ஒருபோதும் விடாதீர்கள். தோல் வெந்து, விரல்களுக்கே ஆபத்தாகும். மிச்சச் சாந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அரைமணி நேரத்தில் துண்டுகள் பெயர்ந்து வரும். ஒட்டும்போது வெடிப்புகள் எல்லாம் ஒரே சாய்வில் ஓடுமாறு வையுங்கள். என் அனுபவத்தில் மலையா குப்பைமேடா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். நன்றாகக் காய்ந்தபின் சாம்பல் வண்ணம் பூசி, மிகவும் நீர்த்த கறுப்பை மேலிருந்து வழியவிட்டால் அது வெடிப்புகளில் தங்கும். பிறகு, துடைத்து உலர்த்திய தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு மேடுகளில் மட்டும் உரசுங்கள். மழைக்கறைக்குத் தேயிலை டிகாக்ஷனே போதும். தண்டவாளத்துக்கடியில் உண்மையான ஜல்லியைப் போடக்கூடாது. இந்த அளவுகோலில் சலித்த மணல்தான் ஜல்லி.

மதிப்பெண் தரும்போது நான் அழகைப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்பேன். ‘பாறை இவ்வளவு கெட்டியாக இருந்தும் மழைக்காலத்தில் ஏன் இந்தப் பாதையில் மண்சரிவு வருகிறது?’ என்ற கேள்விக்கு ஒரு குழு மாதிரியைத் திருப்பிக் காட்டியது. பாறைக்குமேல் இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண் அப்பியிருந்தார்கள். அதன்மேல் தேநீர்க் குவளையால் தண்ணீர் ஊற்றினார்கள். மண் வழுக்கிப் பாதையில் விழுந்தது. பாறை அப்படியே நின்றது.